நர்ஸ் சீருடையில் வந்த மேயர்: கிஷோரி பெட்னேகரின் மாநகராட்சி வாழ்க்கை பற்றி ஒரு விவாதம்

லோக்கல்_ட்ரெயின் (இழையைத் தொடங்கியவர்)

அந்தப் பழைய படம் நேற்று மறுபடி வாட்ஸ்அப்பில் சுற்றியது. 2020 ஏப்ரல் 27, மும்பை நாயர் ஆஸ்பத்திரி. அப்போது மேயராக இருந்த கிஷோரி பெட்னேகர் நர்ஸ் சீருடையில் வந்து நிற்கிறார். அரசியலுக்கு வருமுன் அவர் நர்ஸாக இருந்தவர் என்பது மும்பைக்கு வெளியே பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை இது, களத்தில் நிற்கிறோம் என்கிற பொருளில் ட்விட்டரிலும் எழுதியிருந்தார்.

படத்தைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் "தாயுள்ளம்" என்கிறார்கள், மீதிப் பேர் "நாடகம்" என்கிறார்கள். எனக்கு அந்த ஒரு நாள் பெரிய விஷயமில்லை. மேயராவதற்கு முன்பே சிவசேனை சார்பில் மூன்று முறை கவுன்சிலராக ஜெயித்தவர். 2019 நவம்பர் 22 அன்று எதிர்த்து நிற்க ஆளில்லாமல் மேயரானார். 2022 மார்ச்சில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தபோது மேயர் பதவியும் போனது. இத்தனை வருஷத்தில் நர்ஸ் வேலை அவருக்கு எங்கே கைகொடுத்திருக்கும்? எங்கே கைகொடுத்திருக்கவே முடியாது? நர்ஸ்களும் மாநகராட்சி உள்விவகாரம் தெரிந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

கணக்கு_தணிக்கை

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் எளிது. மும்பை மேயரால் ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸைக்கூட இந்த வார்டிலிருந்து அந்த வார்டுக்கு மாற்ற முடியாது. 1888ஆம் வருஷச் சட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நிர்வாக அதிகாரம் முழுக்க கமிஷனர் கையில். அவர் மாநில அரசு அனுப்புகிற ஐ.ஏ.எஸ். பணம் நிலைக்குழு (செலவுக்கு ஒப்புதல் தருகிற கவுன்சிலர்கள் குழு) கையில். மேயர் மன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், விருந்தினரை வரவேற்பார், பேட்டி கொடுப்பார்.

அதனால் "மேயராக ஆஸ்பத்திரிகளுக்கு என்ன செய்தார்" என்று கேட்பது, கல்யாண மண்டபத்து வாட்ச்மேனிடம் சாம்பாரில் உப்பு ஏன் குறைவு என்று கேட்கிற மாதிரி.

மாட்டுங்கா_மணி

தணிக்கை சார், வாட்ச்மேன் உவமை கொஞ்சம் அதிகம். மேயர் கூப்பிட்டா ஆஸ்பத்திரித் தலைவரான டீன் போனை எடுப்பார். அது சட்டத்துல இல்லாத அதிகாரம். மும்பையில பாதி வேலை அப்படித்தான் நடக்குது.

இன்னொண்ணு. தமிழ்நாட்டுல இருந்து படிக்கிறவங்களுக்காகச் சொல்றேன். நாயர், கே.இ.எம்., சயான், கூப்பர் எல்லாமே மாநகராட்சி நடத்துற ஆஸ்பத்திரிகள். அதுல மருத்துவக் கல்லூரியும் உண்டு. சென்னையில ராஜீவ் காந்தி ஆஸ்பத்திரி, ஸ்டான்லி எல்லாம் மாநில அரசோடது. இங்க ஒரு கவுன்சிலர் பட்ஜெட் கூட்டத்துல கை தூக்குறப்ப ஐ.சி.யு. படுக்கைக்கும் சேர்த்துத்தான் தூக்குறாரு. நர்ஸா இருந்தவங்க கவுன்சிலரானா அர்த்தம் இருக்கிற ஊர்னா அது மும்பைதான்.

வெள்ளை_ஷூ

முப்பத்தோரு வருஷம் நர்ஸ் வேலை. அதுல கடைசி ஒன்பது வருஷம் வார்டு இன்சார்ஜ். ஓய்வு வாங்கிட்டேன், அதனால தைரியமா எழுதறேன்.

அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு அழுகையும் வரல, கோபமும் வரல. முதல்ல கையைத்தான் பார்த்தேன். வாட்ச், மோதிரம், வளையல் இருக்கான்னு. இது எங்க தொழில் புத்தி, விடுங்க.

அன்னைக்கு அவங்க நேரா நோயாளிகளைப் பார்க்கப் போகல, நர்ஸ்களைப் பார்த்து தைரியம் சொல்லப் போனாங்க. இந்த வித்தியாசம் பெருசு. ஏப்ரல் 2020ல ஆஸ்பத்திரிக்குள்ள இருந்த பொண்ணுங்க நிலைமை என்னன்னு நினைச்சுப் பாருங்க. பிபிஇ பாதுகாப்பு உடுப்பு போட்டா ஆறு மணி நேரம் தண்ணி குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. வீட்டுக்குப் போனா பக்கத்து வீட்டுக்காரங்க கதவைச் சாத்துவாங்க. அந்த நேரத்துல மேல இருந்து வர்ற பெரியவங்க டாக்டர்கள்கிட்டதான் பேசுவாங்க, எங்களைக் கடந்து போவாங்க. ஒரு மேயர் எங்க உடுப்பையே போட்டுக்கிட்டு எங்ககிட்ட வந்து நின்னா, நாடகமாவே இருந்தாலும் நான் பார்க்கத் தயார்.

ஆனா நர்ஸ் வேலை கவுன்சிலருக்கு உதவுற இடம் அது இல்ல. அது வேற. சமையல் முடிச்சிட்டு வந்து எழுதறேன்.

கணக்கு_தணிக்கை

"நாடகமாவே இருந்தாலும்" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் சிஸ்டர். நன்றி.

லோக்கல்_ட்ரெயின்

சார், அவங்க வரட்டும். நடுவில் இடம்பிடிக்காதீங்க.

பழைய_பம்பாய்

இந்த இழைக்கு நேரடியாகச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நர்ஸ்களும் பம்பாய் மாநகராட்சியும் என்றால் எனக்கு மேயர் யாரும் நினைவுக்கு வருவதில்லை. அருணா ஷான்பாக்தான் வருகிறார். கே.இ.எம். ஆஸ்பத்திரி நர்ஸ். 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே வேலை பார்த்த ஒருவனால் தாக்கப்பட்டு மூளை பாதித்தவர். 2015 மே 18 வரை, நாற்பத்தொரு வருஷத்துக்கு மேல், அதே ஆஸ்பத்திரியில் படுக்கையில் இருந்தார். தாக்குதல் நடந்த கையோடு நர்ஸ்கள் பாதுகாப்பு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு எண்பதுகளில் அந்தப் படுக்கையைக் காலி செய்ய அவரை வேறு இடத்துக்கு மாற்ற மாநகராட்சி முயன்றபோது, நர்ஸ்கள் மறுபடி எதிர்த்து நின்றார்கள். மாநகராட்சி பின்வாங்கியது.

யோசித்துப் பாருங்கள். அந்த நர்ஸ்கள் யாரும் கவுன்சிலர் இல்லை. மன்றத்தில் ஒரு நாற்காலி கிடையாது. ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் மாநகராட்சியைத் தோற்கடித்தார்கள்.

அதனால் என் கேள்வி: நர்ஸ் ஒருவர் கவுன்சிலராவது அவருக்கு ஏற்றமா, இறக்கமா?

வெள்ளை_ஷூ

ஐயா, அருணா பேரை எடுத்துட்டீங்க. ஒரு விஷயம் மட்டும் சேர்த்துடறேன். 2011 மார்ச் 7 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எல்லாரும் கருணைக்கொலைத் தீர்ப்புன்னுதான் ஞாபகம் வச்சிருக்காங்க. நாங்க வேற ஒரு வரியை ஞாபகம் வச்சிருக்கோம். அத்தனை வருஷத்துல அவங்களுக்கு ஒரு படுக்கைப்புண்கூட வரலன்னு ஆஸ்பத்திரி தரப்புல சொன்னது அதுல பதிவாகியிருக்கு.

படுக்கைப்புண் வராம இருக்கணும்னா இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டணும். ராத்திரி ரெண்டு மணிக்கும் புரட்டணும், நாலு மணிக்கும் புரட்டணும். யாரும் பார்க்க மாட்டாங்க, யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க. அப்படி முப்பத்தேழு வருஷம், தலைமுறை தலைமுறையா. ஒருத்தி ரிட்டயர் ஆகும்போது இன்னொருத்திகிட்ட சொல்லிட்டுப் போனாத்தான் அது நடக்கும்.

இப்ப நான் சொல்ல வந்தது. நாங்க ஷிப்ட் மாறும்போது "ஓவர் கொடுக்கிறது"ன்னு ஒண்ணு உண்டு. மூணாவது படுக்கைக்கு நைட் ஜுரம், ஏழாவது படுக்கைக்கு காலையில ரத்தம் ஏத்தணும், பன்னெண்டாவது படுக்கை அம்மா பயப்படுறாங்க, கையைப் பிடிச்சுப் பேசு, இப்படி ஒவ்வொண்ணா. ஓவர் கொடுக்காம நாங்க வீட்டுக்குப் போக முடியாது. மாநகராட்சியில ஒரு கவுன்சிலர் தோத்துப் போனா அடுத்து வர்றவருக்கு யார் ஓவர் கொடுக்கிறாங்க? எந்தத் தெருவுல சாக்கடைத் தண்ணி குடிநீர்க் குழாய்ல கலக்குது, எந்த சால்ல (வரிசையா ஒத்தை ரூம் வீடுங்க இருக்கிற கட்டடம்) காசநோய் மாத்திரையைப் பாதியில நிறுத்தினவங்க இருக்காங்க, இதெல்லாம் எங்க எழுதியிருக்கு?

மாட்டுங்கா_மணி

எங்கயும் எழுதல அக்கா. அதுலயும் மும்பையில ஒரு கூத்து இருக்கு. தேர்தல் வார்டு 227. அதுல பாதி, அதாவது 114, பெண்களுக்கு. எது பெண்கள் வார்டு, எது பட்டியல் சாதி வார்டு, எது ஓபிசி வார்டுன்னு தேர்தலுக்குத் தேர்தல் குலுக்கல் போடுவாங்க. அஞ்சு வருஷம் ஒரு வார்டுல நாயா உழைச்சு, சந்துசந்தா தெரிஞ்சு வச்சிருப்பாங்க. குலுக்கல்ல வார்டு மாறிப் போயிடும். பக்கத்து வார்டுக்குப் போய் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், இல்லன்னா வீட்டுக்காரர் நிப்பாரு. பல நகர்சேவகர்களோட அரசியல் வாழ்க்கையை முடிச்சது வாக்காளர் இல்ல, அந்தக் குலுக்கல்தான்.

(நகர்சேவக்னா கவுன்சிலர். பெண்ணா இருந்தா நகர்சேவிகா. மராத்தியில இப்படி ஒரு அழகான பேர். ஊருக்குச் சேவகம் பண்றவங்க.)

பழைய_பம்பாய்

நம் மொழியில் மட்டும் என்ன? செவிலி என்றால் சங்கப் பாட்டில் வளர்ப்புத் தாய். பெற்றவள் வீட்டில் அழுதுகொண்டிருக்க, காதலனோடு போன பெண்ணைத் தேடிப் பாலை வழியே நடந்து போகிறவள் செவிலித்தாய்தான். நர்ஸுக்கு அந்தப் பெயரை வைத்தவருக்கு நல்ல காது.

லோக்கல்_ட்ரெயின்

ஐயா, அருமை. ஆனா இழை பாலைக்குள்ள போயிடுச்சு. திரும்பி வாங்க.

வெள்ளை_ஷூ

நர்ஸ் ஒருத்தி கவுன்சிலரானா மத்தவங்களுக்குத் தெரியாதது அவளுக்கு என்ன தெரியும்? அடுக்கிப் பட்டியல் போட வராது, தோணுறதை எழுதறேன்.

குப்பை. ஆஸ்பத்திரிக் குப்பைக்கு 2016 விதிப்படி நாலு நிறம். ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி மஞ்சள் பையில. ட்யூப், கதீட்டர், ஐ.வி. செட் சிவப்புல. ஊசி, பிளேடு, குத்துறது வெட்டுறது எல்லாம் வெள்ளை டப்பாவுல. கண்ணாடி பாட்டில் நீலத்துல. இது வார்டுல எங்களுக்கு மனப்பாடம். இப்ப வீட்டுக்கு வாங்க. எத்தனை வீட்டுல சர்க்கரை நோயாளிங்க தினம் ரெண்டு வேளை இன்சுலின் போட்டுக்கிறாங்க? அந்த ஊசி எங்க போகுது? காய்கறித் தோலோட கறுப்புப் பையில. அதைக் கையால பிரிக்கிறவங்க மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளிங்க. எங்களுக்கு வார்டுல ஊசி குத்தினா உடனே கழுவி, ரத்தம் சோதிச்சு, எச்.ஐ.வி. மருந்து எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும்னு நடைமுறை இருக்கு. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போட்டிருப்பாங்க. அவங்களுக்கு? குத்தினது இன்சுலின் ஊசிதான்னு தெரிஞ்சாகூட அது யாரோட ஊசின்னு தெரியாது.

இது ஒரு இன்ஜினியர் கவுன்சிலருக்குத் தோணாது, வக்கீல் கவுன்சிலருக்குத் தோணாது. எங்களுக்கு வாசல்ல குப்பை வண்டி வந்து நின்னாலே கண்ணுல படும்.

அப்புறம் தண்ணி. வார்டுல உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவுன்னு மில்லியில கணக்கு எழுதுவோம். ரெண்டும் பொருந்தலன்னா உடம்புல எங்கயோ தப்பு. ஊருக்கும் அதே கணக்குதான். குழாய்ல அனுப்பினது எவ்வளவு, வீட்டுக்கு வந்தது எவ்வளவுன்னு கேக்கத் தோணும்.

கணக்கு_தணிக்கை

இதை ஏற்றுக்கொள்கிறேன். மும்பைக்கு ஏழு ஏரிகளிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 3,850 மில்லியன் லிட்டர் தண்ணீர் வருகிறது. கசிவும் திருட்டும் போக எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று மன்றத்தில் கேட்டால் வருஷாவருஷம் ஒரே மாதிரி பதில் வரும். அதை விடாமல் கேட்கிற ஆள் வேண்டும் என்பது சரி.

ஆனால் "எங்களுக்குத் தெரியும்" என்பதும் "எங்களால் செய்ய முடியும்" என்பதும் வேறு வேறு. 2022-23இல் மும்பை மாநகராட்சி பட்ஜெட் சுமார் 46,000 கோடி ரூபாய். சில சின்ன மாநிலங்களின் பட்ஜெட்டைவிடப் பெரிது. அதைப் படிக்கத் தெரிந்த கவுன்சிலர்கள் எத்தனை பேர்? நான் தணிக்கையில் இருந்த காலத்தில் (எந்த ஊர் என்று கேட்காதீர்கள், மும்பை இல்லை) நிலைக்குழுவில் அறுபது தீர்மானங்கள் அரை மணி நேரத்தில் நிறைவேறியதைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டவர்களில் டாக்டரும் இருந்தார், ஆசிரியரும் இருந்தார். தொழில் அறிவு வாசலோடு நின்றுவிட்டது.

கசப்பான உதாரணமும் சொல்கிறேன். கோவிட் தொடங்கிய 2020 மார்ச்சில், டெண்டர் இல்லாமல் அவசரக் கொள்முதல் செய்ய கமிஷனருக்கு அதிகாரம் கொடுத்து நிலைக்குழு தீர்மானம் போட்டது. அந்த நேரத்துக்கு அது தேவை, மறுக்கவில்லை. பிறகு 2023 ஆகஸ்டில் சடலப் பைகளை அதிக விலைக்கு வாங்கியதாக மும்பை போலீஸின் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. அதில் பெட்னேகர் பெயரும் இருந்தது.

மாட்டுங்கா_மணி

அவங்க மறுத்தாங்க, அதையும் எழுதுங்க. அந்த நேரத்துல சிவசேனை ரெண்டா உடைஞ்சு, உத்தவ் தாக்கரே பக்கம் நின்னவங்க மேல வரிசையா வழக்கு வந்துக்கிட்டிருந்தது. அதையும் எழுதுங்க.

நெறியாளர்

வழக்கு பற்றி இரண்டு பக்கமும் சொல்லியாகிவிட்டது. குற்றச்சாட்டு என்பது தீர்ப்பு இல்லை. இதற்கு மேல் அந்தத் திசையில் போனால் பதிவுகளை நீக்குவேன். கொள்முதல் முறை பற்றிப் பேசலாம், ஆள் பற்றி வேண்டாம்.

கணக்கு_தணிக்கை

நியாயம். அவர் மறுத்தார் என்பதையும் பதிந்துகொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: நர்ஸாக இருந்தவர் என்பது கொள்முதல் கேள்விகளிலிருந்து யாரையும் விலக்கி வைக்காது. விலக்கி வைக்கவும் கூடாது. வெள்ளை உடுப்பைப் பார்த்து நாம் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறோம், அதுதான் எனக்கு அந்தப் படத்தில் உறுத்துகிறது.

வெள்ளை_ஷூ

சார், இதுல நான் உங்க பக்கம். வார்டுல மருந்து இருப்பு குறைஞ்சா முதல்ல மாட்டுறது நாங்கதான். பெத்தடின்னு போதை தர்ற வலி மருந்து, அதுல ஒரு ஆம்பூல் உடைஞ்சாகூட உடைஞ்ச கண்ணாடியை எடுத்து வச்சு, ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டு எழுதுவோம். "எழுதலன்னா செய்யலன்னு அர்த்தம்"னு முதல் வருஷத்துலயே சொல்லிக் கொடுப்பாங்க. அந்தப் பழக்கத்தை மன்றத்துக்கு எடுத்துட்டுப் போறவதான் என் கணக்குல நர்ஸ் கவுன்சிலர். உடுப்பை எடுத்துட்டுப் போறவ இல்ல.

நீங்க சடலப் பைன்னு சொன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வந்தது. 2020 மே மாசம் சயான் ஆஸ்பத்திரி வார்டுல, கட்டிவச்ச உடல்களுக்குப் பக்கத்துலயே நோயாளிங்க படுத்திருந்த வீடியோ வந்ததே. ஊரே கொதிச்சது. நான் டிவியை நிறுத்திட்டேன். இறந்தவங்களைக் குளிப்பாட்டி, கண்ணை மூடி, தாடையைக் கட்டி, பேர் எழுதி அனுப்புறது எங்க வேலையில ஒரு பகுதி. அதுக்கு ஆளும் வேணும், சவக்கிடங்குல இடமும் வேணும், வாங்கிட்டுப் போக வீட்டுக்காரங்களும் வரணும். மூணும் இல்லாத ராத்திரி எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும். அந்த வார்டு நர்ஸ்கிட்ட யாரும் கேமராவை நீட்டல.

பழைய_பம்பாய்

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஏற்றமா, இறக்கமா?

மாட்டுங்கா_மணி

ஐயா, ரெண்டும் இல்ல, பக்கவாட்டுல நகர்றதுதான். சம்பளத்தைப் பார்த்தா இறக்கம். மும்பை கவுன்சிலருக்கு மதிப்பூதியம் மாசம் 25,000 ரூபாய், அதுவும் 2017ல ஏத்தினப்புறம். மாநகராட்சி ஆஸ்பத்திரி நிரந்தர நர்ஸ் அதைவிட அதிகமா வாங்குவாங்க. அப்புறம் ஏன் எல்லாரும் கவுன்சிலர் ஆகத் துடிக்கிறாங்கன்னு தணிக்கை சார் சொல்லுவாரு.

கணக்கு_தணிக்கை

நெறியாளர் நீக்கிவிடுவார்.

லோக்கல்_ட்ரெயின்

வேறொரு ஊர் உதாரணமும் வைக்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க. எடி பெர்னிஸ் ஜான்சன். அமெரிக்காவில் டாலஸ் நகர முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவின் தலைமை நர்ஸாக இருந்தவர், கறுப்பினப் பெண். 1972இல் டெக்சாஸ் சட்டமன்றம், பிறகு மாநில செனட், 1992இல் நாடாளுமன்றம். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பதிவுபெற்ற நர்ஸ் அவர். முப்பது வருஷம் உறுப்பினர். 2019லிருந்து 2023 ஜனவரி வரை அறிவியல் குழுவுக்குத் தலைவராக இருந்தார்.

கவனியுங்கள், சுகாதாரக் குழு இல்லை, அறிவியல் குழு. நர்ஸ் என்றால் நர்ஸ்களைப் பற்றி மட்டும்தான் பேசுவார் என்ற சிமிழிலிருந்து வெளியே வந்தவர். நம் ஊரில் ஒரு நர்ஸ் கவுன்சிலரானால் உடனே சுகாதாரக் குழுவில் போட்டு, மலேரியா ஒழிப்பு ஊர்வலத்துக்குக் கொடி அசைக்க விடுவார்கள். சாலை ஒப்பந்தத்தைப் பற்றி அவர் வாயைத் திறந்தால் "உங்களுக்கு ஏன் மேடம் இது" என்பார்கள்.

வெள்ளை_ஷூ

தம்பி, இதை ஃப்ரேம் போட்டு மாட்டலாம். நாங்க ஒரு ஷிப்டுல நாப்பது பேரை சமாளிக்கிறவங்க. இந்திய நர்ஸிங் கவுன்சில் விதிப்படி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மூணு நோயாளிக்கு ஒரு நர்ஸ். அந்த விதியை ஒரு வார்டுல நிஜமாப் பார்த்ததா யாராவது சொன்னா அவங்க கையால காபி வாங்கிக் குடிப்பேன். நாப்பது பேர்ல யாரை முதல்ல பார்க்கணும், யாரை நிக்க வைக்கலாம், யாருக்குச் சத்தம் போட்டாத்தான் டாக்டர் வருவாருன்னு நிமிஷத்துல முடிவெடுக்கிறோம். அதுவும் நிர்வாகம்தான். குழி விழுந்த சாலையில எதை முதல்ல போடணும்னு முடிவெடுக்கத் தெரியாதா எங்களுக்கு?

மீனா_நைட்_டியூட்டி

வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் எழுதறேன். மும்பையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில நர்ஸ். வயசு இருபத்தொம்பது. ஐ.சி.யு.

நேரடியாக் கேக்கறேன், சிரிக்காதீங்க. என்னை மாதிரி ஒருத்தி கவுன்சிலராக முடியுமா? கட்சி இல்ல, காசு இல்ல, மராத்தி பேச வரும், எழுதறது தடுமாறும். 2022 மார்ச்சுக்கு அப்புறம் 2026 ஜனவரி தேர்தல் வரைக்கும் எங்க வார்டுல கவுன்சிலரே கிடையாது, எல்லாம் அரசு நியமிச்ச நிர்வாகி கையில. அந்த நாலு வருஷத்துல எங்க தெருவுல ஒரு விளக்குக்கு யார்கிட்ட போகணும்னு யாருக்கும் தெரியல. அப்பதான் இந்த யோசனை வந்தது.

கணக்கு_தணிக்கை

சட்டப்படி முடியும் அம்மா. வயது இருபத்தொன்று ஆகியிருக்க வேண்டும், அந்த நகர வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். தனியார் வேலை தடை இல்லை. அந்த மாநகராட்சியிலேயே ஊழியராக இருந்துகொண்டு அதன் மன்றத்துக்கு நிற்க முடியாது, வேலையை விட வேண்டும். மகாராஷ்டிராவில் இரண்டு குழந்தைக்கு மேல் இருந்தால் உள்ளாட்சியில் நிற்க முடியாது என்று ஒரு விதியும் உண்டு.

நடைமுறையில் கட்சி இல்லாமல் மும்பையில் ஜெயிப்பது மிகக் கடினம். பொய் சொல்ல மாட்டேன். பெட்னேகரும் கட்சியின் மகளிர் அணி வழியாக வந்தவர்தான். நர்ஸ் வேலை அவருக்கு சீட்டு வாங்கித் தரவில்லை. கட்சி வேலை வாங்கித் தந்தது.

மாட்டுங்கா_மணி

தங்கச்சி, நைட் டியூட்டி பார்த்துக்கிட்டு கட்சி வேலை பார்க்க முடியாது. காலையில ஒன்பது மணிக்கு சாகா (கட்சிக் கிளை) ஆபீஸ்ல உக்காரணும், சாவு வீட்டுக்குப் போகணும், கணபதி விழாக் குழுவான மண்டலுக்கு நன்கொடை ரசீது புத்தகம் எடுத்துட்டு அலையணும். பத்து வருஷம் இப்படிப் போனாத்தான் சீட்டுப் பட்டியல்ல பேர் வரும். அப்பவும் குலுக்கல் இருக்கு.

வெள்ளை_ஷூ

மீனா கண்ணு, இவங்க ரெண்டு பேரும் சொல்றது நிஜம். பயந்துடாத. தேர்தல் அஞ்சு வருஷம் கழிச்சுத்தானே. இப்ப உனக்கு என்ன உறுத்துது, ஒண்ணே ஒண்ணு சொல்லு. தெரு விளக்கு இல்ல, அது எல்லாருக்கும் உறுத்தும். நர்ஸா உனக்கு மட்டும் உறுத்துறது.

மீனா_நைட்_டியூட்டி

நீங்க மேல எழுதினதேதான் அக்கா. எங்க கட்டடத்துல குப்பை எடுக்கிற அண்ணனுக்குப் போன மாசம் ஊசி குத்திடுச்சு. மூணு நாள் கழிச்சுத்தான் என்கிட்ட காட்டினார். எழுபத்திரண்டு மணி நேரம் தாண்டிடுச்சு. ரத்தம் சோதிக்கச் சொல்லி அனுப்பினேன், முதல் சோதனை நல்லபடியா வந்தது, மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கணும். அதுக்கப்புறம் ராத்திரி டியூட்டியில ஒவ்வொரு ஊசியையும் வெள்ளை டப்பாவுல போடும்போது அவர் கைதான் ஞாபகம் வருது.

வெள்ளை_ஷூ

அதான். மாநகராட்சி வார்டு ஆபீசுக்குப் போ. வாயால சொல்லிட்டு வராத, எழுதிக் கொடு, முத்திரை போட்ட நகல் வாங்கு. உங்க கட்டடத்துல எத்தனை வீட்டுல இன்சுலின் போடுறாங்கன்னு எண்ணி எழுது. அவங்களுக்கு ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பா, மூடியோட, "ஊசி"ன்னு மராத்தியில எழுதி. அது நிறைஞ்சா யார் வாங்கிக்குவாங்கன்னு ஆபீஸ்ல கேளு. பதில் சொல்ல அவங்களுக்குத் தெரியாது. தெரியாதுங்கறதையும் எழுதி வாங்கு.

பழைய_பம்பாய்

என் கேள்வியை வாபஸ் வாங்குகிறேன்.

மீனா_நைட்_டியூட்டி (ஒன்பது நாள் கழித்து)

அப்டேட். வியாழக்கிழமை ஆஃப், போயிட்டு வந்தேன். எங்க கட்டடத்துல 64 வீடு, இன்சுலின் போடுறவங்க 11 வீடு. எண்ணப் போனப்ப ரெண்டு வீட்டுல ஊசியை எப்படிப் போட்டுக்கிறதுன்னே தப்பாத்தான் செய்யறாங்க, அதையும் சரி பண்ணிட்டு வந்தேன், அதுல ஒரு மணி நேரம் போச்சு.

வார்டு ஆபீஸ்ல மூணு மேஜை. திடக்கழிவுப் பிரிவு "இது சுகாதாரம்"னு அனுப்பினாங்க. சுகாதாரப் பிரிவு "இது கழிவு"ன்னு திருப்பி அனுப்பினாங்க. மூணாவது மேஜையில இருந்த அம்மா கடிதத்தை வாங்கி முத்திரை போட்டுக் கொடுத்தாங்க. அவங்களுக்கும் சர்க்கரையாம். நீங்க ஊசியை எங்க போடுறீங்கன்னு கேட்டேன். சிரிச்சாங்க, பதில் சொல்லல.

புது கவுன்சிலர் ஆபீஸுக்கும் ஒரு நகல் கொடுத்திருக்கேன். ஆள் ஊர்ல இல்ல. அவரோட தம்பி வாங்கி வச்சுக்கிட்டார்.

கணக்கு_தணிக்கை

உள்வரவு எண் இருக்கிறதா பாருங்கள். முத்திரை மட்டும் போதாது, எண் வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், கட்டணம் பத்து ரூபாய்தான். என்ன கேட்க வேண்டும் என்று நான் எழுதித் தருகிறேன். மராத்தியில் யாராவது மாற்றிக் கொடுக்க வேண்டும்.

மாட்டுங்கா_மணி

மராத்தி என் பொறுப்பு.